மழைக்காலக் காய்ச்சலும் டாக்ஸிசைக்ளின் மாத்திரையும்



ஐப்பசி பிறக்குமுன் எங்கள் மருந்தகத்தில் சில மருந்துகளைக் கூடுதலாக வாங்கி வைப்பது வழக்கம். அவற்றுள் ஒன்று டாக்ஸிசைக்ளின் என்னும் ஆண்டிபயாடிக். நீங்கள் அனுப்பும் காணிக்கையில் எந்தெந்த மருந்து வாங்கப்படுகிறது என்று அறிய உங்களில் பலருக்கு ஆவல் உண்டு. ஆகவே இம்மடலில் இந்த ஒரு மருந்தை மட்டும் எடுத்துக்கொண்டு சற்று விரிவாக எழுதுகிறோம்.

இதன் விலை மிகக் குறைவு. ஒருவருக்கு ஒரு வாரத்துக்கான மாத்திரை வாங்க ஆகும் செலவு, தூத்துக்குடியிலிருந்து மதுரைக்குப் பஸ்ஸில் போய்வரும் செலவைவிடக் குறைவு. ஆனாலும் சரியான ஆளுக்கு, சரியான நாளில், சரியான முறையில் போய்ச் சேராவிட்டால் அதே மாத்திரை பயனற்றுப் போகும். சில வேளைகளில் தீங்கும் செய்யும். அதை நீங்களும் அறிந்து, உங்கள் வீட்டாருக்கும் சபையாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டும் என்பதே எங்கள் விருப்பம்.

மண்ணிலிருந்து கிடைத்த மருந்து

டாக்ஸிசைக்ளின், டெட்ராசைக்ளின் என்ற மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்தது. அக்குடும்பத்தின் மூத்த மருந்தாகிய ஆரியோமைசின் 1948ஆம் ஆண்டு அமெரிக்காவில் அறிவிக்கப்பட்டது. பெஞ்சமின் டக்கர் என்ற தாவர விஞ்ஞானி, மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். அவர் பணிபுரிந்த லெடர்லி நிறுவனத்தின் ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்தவர் நம்மவர்: 1895ல் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ். ஆரியோமைசின் அறிவிக்கப்பட்ட அதே 1948ல் அவர் காலமானார். அந்த வழியில் பின்னர் உருவாக்கப்பட்ட டாக்ஸிசைக்ளின் 1967 முதல் வழக்கத்தில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இதற்கு இடம் உண்டு.

இம்மருந்து பொதுவாகக் கிருமியை உடனே கொல்வதில்லை. கிருமி வளர்ந்து பெருகத் தேவையான புரதம் தயாராகும் இடத்தில் போய் ஒட்டிக்கொண்டு, அந்த வேலையை நிறுத்திவிடுகிறது. பெருக முடியாமல் நிற்கும் கிருமிகளை நம் உடலின் எதிர்ப்புச் சக்தி ஒழிக்கிறது. இதற்கு இன்னொரு சிறப்பும் உண்டு. நம் உடலின் உயிரணுக்களுக்குள் புகுந்து ஒளிந்துகொள்ளும் கிருமிகளையும் இது தேடிச் சென்று தாக்கும். வேறு பல ஊசிகளாலும் மாத்திரைகளாலும் அது முடியாது. இந்தச் சிறப்பினால்தான் அடுத்து நாங்கள் சொல்லப்போகும் காய்ச்சலில் இது உயிர் காக்கும் மருந்தாக இருக்கிறது.

புதர்க்காட்டிலிருந்து வரும் காய்ச்சல்

ஸ்க்ரப் டைபஸ் என்ற பெயரைச் செய்தித்தாள்களில் பார்த்திருப்பீர்கள். புதரிலும் புல்லிலும் வாழும், கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒருவகைச் சிற்றுண்ணியின் குஞ்சு கடிப்பதால் இது வருகிறது. உடைமரக் காட்டில் விறகு வெட்டுகிறவர்கள், ஆடு மேய்க்கிறவர்கள், வயலில் களை பறிக்கிறவர்கள், புதர் ஓரமாக ஒதுங்குகிறவர்கள் ஆகியோருக்கு இது எளிதில் வரலாம். மழைக்காலத்திலும் அதை ஒட்டிய குளிர் மாதங்களிலும் அதிகம்.

கடித்தது பலருக்குத் தெரிவதே இல்லை. ஒன்று அல்லது இரண்டு வாரம் கழித்துக் கடும் காய்ச்சல், தலைவலி, உடல்வலி, இருமல், வாந்தி என்று தொடங்கும். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் கருத்த பொருக்கு ஒன்று இருக்கலாம். அது பெரும்பாலும் அக்குளிலோ, அரையிடுக்கிலோ, மார்பின் அடியிலோ மறைந்திருக்கும். வலி இல்லாததால் நோயாளியே அறிவதில்லை. கூச்சத்தால் காட்டுவதும் இல்லை. "ஆச்சி, இந்தத் திரைக்குப் பின்னால வாங்க, ஒரு தடவை பார்த்துடுறேன்" என்று நர்ஸ் அன்பாகச் சொல்லித் தேடிப் பார்ப்பது, விலை உயர்ந்த ஒரு பரிசோதனைக்குச் சமம். எல்லாருக்கும் அந்தப் பொருக்கு இருக்கும் என்பதும் இல்லை.

இங்கேதான் ஆபத்து இருக்கிறது. காய்ச்சல் என்றதும் பல இடங்களில் கொடுக்கப்படும் அமாக்சிசிலின் மாத்திரையோ, செஃப்ட்ரியாக்சோன் ஊசியோ இந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது. நோயாளி இரண்டு மூன்று இடங்களில் ஊசி போட்டுக்கொண்டு, ஒரு வாரம் கழித்து மூச்சுத் திணறலோடு வந்து சேரும்போது நுரையீரலும் சிறுநீரகமும் மூளையும் பாதிக்கப்பட்டிருக்கலாம். முதல் வாரத்தில் இரத்தப் பரிசோதனை நோயைக் காட்டாமல் போவதும் உண்டு. ஆகவே சந்தேகம் வலுத்தால் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் டாக்ஸிசைக்ளின் தொடங்க வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2015ல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. பெரியவர்களுக்கு 100 மில்லிகிராம் வீதம் தினம் இரு வேளை, ஏழு நாட்கள் என்பது வழக்கமான அளவு. பெரும்பாலும் இரண்டு நாட்களுக்குள் காய்ச்சல் இறங்கத் தொடங்கும்.

இந்நோய் பற்றிய அறிவில் மிஷன் மருத்துவமனை ஒன்றின் பங்கு பெரிது என்பதை நீங்கள் அறிந்தால் மகிழ்வீர்கள். ஐடா ஸ்கடர் அம்மையார் 1900ல் தொடங்கிய பணியிலிருந்து வளர்ந்த வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள், இந்தியாவின் ஏழு மருத்துவமனைகளில் கடுமையான ஸ்க்ரப் டைபஸ் நோயாளிகள் 794 பேரிடம் நடந்த ஆய்வுக்குத் தலைமை தாங்கினார்கள். அதன் முடிவு 2023ல் வெளியாயிற்று. டாக்ஸிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து நரம்பு வழியாகப் பெற்றவர்களில் 33 சதவீதத்தினருக்கு மரணம், தீராத சிக்கல், விடாத காய்ச்சல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று நேர்ந்தது. டாக்ஸிசைக்ளின் மட்டும் பெற்றவர்களில் அது 47 சதவீதம். அசித்ரோமைசின் மட்டும் பெற்றவர்களில் 48 சதவீதம். நோய் முற்றியவர்களுக்கு இரண்டும் சேர்ந்தே நல்லது என்று இதனால் தெளிவாயிற்று. நோய் முற்றுமுன் வந்தால் சாதாரண மாத்திரையே போதும் என்பதையும் மறக்கக் கூடாது.

வெள்ளமும் எலிக்காய்ச்சலும்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் மாவட்டத்தார் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி பெருகி ஊர்களைச் சூழ்ந்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் பயணிகளோடு நின்றுபோயிற்று. நாட்கணக்கில் மக்கள் முழங்கால் தண்ணீரில் நடந்தார்கள்.

அப்படிப்பட்ட தண்ணீரில் எலி, மாடு, நாய் முதலியவற்றின் சிறுநீரும் கலந்திருக்கும். அதிலுள்ள லெப்டோஸ்பைரா என்னும் கிருமி, காலிலுள்ள சிறு வெடிப்பு வழியாகவும் கண், வாய் வழியாகவும் உடலுக்குள் நுழைந்துவிடும். இதுவே எலிக்காய்ச்சல். காய்ச்சலோடு கெண்டைக்காலில் கடும் வலியும், கண் சிவப்பும் இதன் அடையாளங்கள். முற்றினால் மஞ்சள் காமாலையும் சிறுநீரகக் கோளாறும் வரும். ஆரம்ப நிலையில் டாக்ஸிசைக்ளின் இதைக் குணப்படுத்தும். முற்றிய நிலையில் பென்சிலின் வகை ஊசியும் மருத்துவமனைக் கவனிப்பும் வேண்டும். இந்நோய்க்கு முதல் மாத்திரை விழுங்கிய சில மணி நேரத்தில் சிலருக்குக் குளிர்நடுக்கமும் காய்ச்சலும் சற்றுக் கூடலாம். மருந்துபட்டுக் கிருமிகள் அழிவதால் வருவது அது. மருத்துவமனைக்குச் சொல்லி அனுப்ப வேண்டும், தாமாக மருந்தை நிறுத்தக் கூடாது.

வருமுன் காக்கவும் இம்மருந்து உதவும். பனாமா நாட்டுக் காட்டில் பயிற்சி பெற்ற அமெரிக்கப் படைவீரர் 940 பேரிடம் நடத்திய ஆய்வு 1984ல் வெளியானது. வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் டாக்ஸிசைக்ளின் பெற்றவர்களில் ஒருவருக்கே எலிக்காய்ச்சல் வந்தது. வெறும் மாத்திரை பெற்றவர்களில் 20 பேருக்கு வந்தது. அந்தமானில் நம் நாட்டு விஞ்ஞானிகள் நடத்தி 2000ல் வெளியிட்ட ஆய்வில், கிருமி உடலில் புகுவதை மருந்து தடுக்கவில்லை என்றாலும், நோயாகப் படுப்பவர்களின் எண்ணிக்கை பாதிக்கும் கீழாகக் குறைந்தது. 2018 பெருவெள்ளத்தின்போது கேரள அரசு, மீட்புப் பணியாளர்களுக்கும் வெள்ளநீரில் இறங்கியவர்களுக்கும் இம்முறையில் மருந்து கொடுத்தது. இருப்பினும் காலுறையும் செருப்பும் இல்லாமல் சேற்றில் இறங்கிவிட்டு மாத்திரையை மட்டும் நம்புவது சரியல்ல. யாருக்கு, எத்தனை வாரம் என்பதைச் சுகாதாரத் துறையினரும் மருத்துவரும் முடிவு செய்ய வேண்டும்.

கடல் தொழிலும் கப்பல் தொழிலும்

நம் கடலில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961ல். ஆனால் சங்கு குளிக்கிறவர்கள் இன்றும் உண்டு. சிப்பி கிழித்த காலும், மீன்முள் குத்திய கையும் அவர்களுக்கும் மீனவருக்கும் அன்றாடக் காரியம். பெரும்பாலான காயங்கள் நல்ல தண்ணீரில் கழுவிச் சுத்தமாக வைத்தாலே ஆறிவிடும். அபூர்வமாக, வெதுவெதுப்பான கடல்நீரில் வாழும் விப்ரியோ இனக் கிருமி ஒன்று காயத்தில் புகுந்துவிடும். சர்க்கரை நோயாளிகளுக்கும், குடியினால் ஈரல் கெட்டவர்களுக்கும் இது எமனாகும். சில மணி நேரத்தில் கை அல்லது கால் வீங்கி, தாங்க முடியாத வலி கண்டு, கருநீலக் கொப்புளங்கள் எழும்பினால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. இதற்கு டாக்ஸிசைக்ளினோடு வேறு ஊசி மருந்தும், பலவேளை அறுவைச் சிகிச்சையும் வேண்டும். வீட்டில் இருக்கும் மாத்திரையை விழுங்கிவிட்டுப் பொறுத்துப் பார்க்கும் நோய் அல்ல இது.

காலராவுக்கும் இது பயன்படும். கடும் வயிற்றுப்போக்கால் உடல் வற்றிப்போன பெரியவருக்கு 300 மில்லிகிராம் ஒரே தடவையாகக் கொடுப்பது உண்டு. எனினும் காலராவில் உயிரைக் காப்பது முதலாவது உப்புச் சர்க்கரைக் கரைசலும் குளுக்கோஸ் பாட்டிலும்தான். மாத்திரை அதற்குத் துணை மட்டுமே.

நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் கப்பலில் வேலைக்குப் போகிறார்கள். மலேரியா மிகுந்த ஆப்பிரிக்கத் துறைமுகங்களுக்குச் செல்வோருக்குத் தினம் ஒரு டாக்ஸிசைக்ளின் தடுப்பு மருந்தாகக் கொடுக்கப்படலாம். ஊர் திரும்பியதும் நிறுத்திவிடாமல், மேலும் நான்கு வாரம் அதை விழுங்க வேண்டும்.

எதற்கு இது உதவாது?

சளி, சாதாரண இருமல், வைரஸ் காய்ச்சல், டெங்கு ஆகியவற்றுக்கு டாக்ஸிசைக்ளின் உதவாது. இவை வைரஸால் வருகிறவை. மழைக்காலத்தில் டெங்கும், எலிக்காய்ச்சலும், ஸ்க்ரப் டைபஸும் தொடக்கத்தில் ஒரே மாதிரிதான் தெரியும். ஆகையால் ஒருவருக்குக் குணம் தந்த மாத்திரையை அடுத்த வீட்டாருக்குக் கொடுப்பது தவறான உபகாரம்.

விழுங்கும் முறை

மாத்திரையைக் கையில் கொடுத்தனுப்புமுன் எங்கள் நர்சுகள் நோயாளியிடம் சொல்லும் காரியங்கள் இவை.

முதலாவது, தண்ணீர். "அண்ணாச்சி, வெறும் எச்சில்ல விழுங்கிராதீங்க, ஒரு செம்புத் தண்ணி குடிங்க, அரைமணி நேரம் படுக்காதீங்க." இம்மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் அந்த இடத்தைப் புண்ணாக்கிவிடும், பிறகு எச்சில் விழுங்குவதும் நெருப்பை விழுங்குவது போலிருக்கும். படகில் ஒரு மடக்குத் தண்ணீரோடு விழுங்கிவிட்டுச் சாய்ந்து படுக்கிற மீனவருக்கும், தூங்கப் போகும் வேளையில் விழுங்குகிறவருக்கும் இந்த ஆபத்து அதிகம்.

இரண்டாவது, வெயில். இம்மருந்து சாப்பிடும் நாட்களில் தோல் வெயிலைத் தாங்காது. சிறிது நேர வெயிலே சிலருக்குத் தீக்காயம் போல் சிவந்து எரியும். உப்பளத்தில் மேலே சூரியனும் கீழே வெண்மையான உப்பின் பிரதிபலிப்பும் சேர்ந்து தாக்கும். கடலிலும் அப்படித்தான். முழுக்கைச் சட்டை, தலையையும் கழுத்தையும் மூடும் துண்டு, முடிந்தால் நிழலில் வேலை ஆகியவை அவசியம். வெயிலில் நிற்காமல் பிழைப்பே இல்லை என்பவர் அதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். பல வேளைகளில் அசித்ரோமைசின் போன்ற மாற்று மருந்து உண்டு.

மூன்றாவது, கூடச் சேரக் கூடாதவை. இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை, ஜெலுசில் போன்ற புளிச்சேப்ப மருந்து, பால் ஆகியவை இம்மருந்தைப் பிடித்துக்கொண்டு இரத்தத்தில் சேரவிடாமல் தடுக்கும். குறைந்தது இரண்டு மூன்று மணி நேர இடைவெளி வேண்டும். வயிறு குமட்டினால் இட்லியோ கஞ்சியோ சாப்பிட்டபின் விழுங்கலாம். வலிப்பு நோய்க்கும், இரத்தம் உறையாமலிருக்கவும் மருந்து சாப்பிடுகிறவர்கள் அதை முதலிலேயே டாக்டரிடம் சொல்ல வேண்டும். ஒரு மருந்து மற்றதன் வலிமையை மாற்றிவிடும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் பெரும்பாலும் அளவு குறைக்காமல் இதைக் கொடுக்கலாம் என்பது ஒரு நன்மை.

உடலெங்கும் தடிப்பு, முகவீக்கம், மூச்சுத் திணறல், பார்வை மங்கலுடன் கடும் தலைவலி, இரத்தம் கலந்த பேதி ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்கு வரவேண்டும்.

கர்ப்பிணிகளும் குழந்தைகளும்

1950களிலும் 60களிலும் பழைய டெட்ராசைக்ளின் கொடுக்கப்பட்ட குழந்தைகள் பலருக்குப் பற்கள் நிரந்தரமாகப் பழுப்பு நிறமாயின. அம்மருந்து வளரும் பல்லிலும் எலும்பிலும் உள்ள சுண்ணாம்புச் சத்தோடு ஒட்டிக்கொள்வதே காரணம். அதனால் எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இக்குடும்ப மருந்துகளைத் தவிர்க்கும் வழக்கம் வந்தது. கர்ப்பிணிக்கு ஸ்க்ரப் டைபஸ் வந்தால் இன்றும் அசித்ரோமைசினே கொடுக்கப்படுகிறது. ஆகவே மாதவிலக்குத் தள்ளிப்போயிருந்தால் பெண்கள் அதைச் சொல்லத் தயங்கக் கூடாது.

குழந்தைகள் விஷயத்தில் அறிவு வளர்ந்திருக்கிறது. டாக்ஸிசைக்ளின் சுண்ணாம்புச் சத்தோடு ஒட்டுவது மிகக் குறைவு. எட்டு வயதுக்குமுன் இதைக் குறுகிய நாட்கள் சாப்பிட்ட 58 குழந்தைகளின் பற்களை அமெரிக்காவில் பரிசோதித்தபோது யாருக்கும் அந்தக் கறை இல்லை என்று 2015ல் அறிவிக்கப்பட்டது. ஆகையால் ஸ்க்ரப் டைபஸ் போன்ற உயிருக்கு ஆபத்தான நோயில், எடைக்கு ஏற்ற அளவில் குழந்தைக்கும் டாக்டர் இதைக் கொடுக்கலாம். பல்லைக் காக்க எண்ணி உயிரை இழந்துவிடக் கூடாது அல்லவா?

மீதி மாத்திரையை என்ன செய்வது?

மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து இது. ஆண்டிபயாடிக் அட்டைகளில் செங்குத்தான சிவப்புக் கோடு ஒன்று இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். இவற்றைத் தாமாக வாங்கிச் சாப்பிட வேண்டாம் என்பதே அதன் பொருள். இதைப் பொதுமக்களுக்கு விளக்க மத்திய அரசு 2016ல் ஒரு பிரச்சாரம் தொடங்கியது. காய்ச்சல் விட்டதும் பாதியில் நிறுத்தி, மீதியை அடுத்த காய்ச்சலுக்கென்று சேர்த்து வைக்கும் பழக்கம் நம்மிடையே அதிகம். பாதி மருந்தில் நோய் முழுவதும் தீராது. தேவையற்ற மருந்தால், அதற்குப் பணியாத கிருமிகள் உடலில் பெருகும். நாளை உண்மையாகவே மருந்து தேவைப்படும்போது அது வேலை செய்யாது.

இன்னொன்று: காலாவதியான பழைய டெட்ராசைக்ளினைச் சாப்பிட்டதால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி 1960களிலேயே மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். நம் கடற்கரையின் ஈரக்காற்றும் வெப்பமும் மருந்துகளை விரைவில் கெடுக்கும். அடுப்படி அலமாரியிலும் படகின் பெட்டியிலும் பழைய மாத்திரைகளை வைத்திருக்க வேண்டாம்.

அன்பானவர்களே, மருந்தின் விலை சில ரூபாய் என்று தொடக்கத்தில் சொன்னோம். அக்குளில் இருக்கும் பொருக்கைத் தேடிப் பார்க்கும் கண்ணும், "உப்பளத்துக்கா போறீங்க, வீட்டில் கர்ப்பிணி உண்டா, வேறென்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று பொறுமையாய்க் கேட்கும் வாயும் அதோடு சேர்ந்தால்தான் அது மருந்தாகும். உங்கள் உதவி மாத்திரைக்கு மட்டுமல்ல, அந்தக் கண்ணுக்கும் அந்த வாய்க்கும் சேர்த்தே பயன்படுகிறது.

உங்களிடம் நாங்கள் வேண்டிக்கொள்வது ஒன்று. இந்த மழைக்காலத்தில் உங்கள் தெருவில் யாருக்காவது காய்ச்சல் மூன்று நாட்களுக்கு மேல் நீடித்தால், அடுத்த ஊசிக்காகக் காத்திருக்க விடாமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். விறகுக்குப் போனதையும், வெள்ளத்தில் நடந்ததையும், கடலில் காயம்பட்டதையும் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை பல வேளைகளில் சரியான மருந்துக்கு வழி காட்டிவிடும்.